பால் பொங்குவதற்குள் ஒரு பாட்டு

1930களின் ஸ்விங் என்ற ஜாஸ் வகைப் பாட்டுகளில் பெரும்பாலானவை மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் பிடிக்கும். அரை லிட்டர் பாலை மிதமான தீயில் வைத்தால் பொங்கி வர ஆறேழு நிமிடம் ஆகும். ஆக, இரண்டு பாட்டு. ஸ்விங் இசைக்கு ஜோடியாக ஆடும் லிண்டி ஹாப்பைப் பல வருஷம் ஆடாமல் விட்டவர் மறுபடி ஆடத் தொடங்க முதல் வாரத்துக்கு இந்த நேரமே தாராளம். அடுப்படியில் ஆட வேண்டாம். அடுப்பு கண்ணில் படுகிற மாதிரி கூடத்தில் நின்றால் போதும்.

பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்த்தபோது லிண்டி ஹாப் கற்று, பிறகு கல்யாணம், குழந்தை, ஊர் திரும்புதல் என்று அதை மறந்தே போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிருஷ்ணகிரியில் ஸ்விங் ஆடுவதற்கென்று ஒரு கூடம் கிடையாது, நேரடி இசைக்குழுவும் கிடையாது. ஆனால் அந்த ஆட்டத்துக்கு உண்மையில் வேண்டியது பத்தடிக்கு ஆறடி இடம், ஒரு ஸ்பீக்கர், முடிந்தால் இன்னொரு ஆள். இந்த மூன்றும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. ஆள் இல்லாவிட்டாலும் வழி உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

லிண்டி ஹாப் பிறந்த ஊர் நியூயார்க்கின் ஹார்லெம். அங்கே லெனாக்ஸ் அவென்யூவில் 1926இல் திறந்து 1958இல் மூடிய சவாய் பால்ரூம்தான் அதன் தாய்வீடு. நிறவெறி கோலோச்சிய அந்த அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடிய இடம் அது. இரண்டு மேடைகள் இருந்தன. ஒரு குழு வாசித்து முடிக்கும்போது அடுத்த குழு தயாராக நிற்கும், இசை நிற்காது. டிரம்மர் சிக் வெப்பின் குழு அங்கே ஆஸ்தான வித்வான்கள் மாதிரி. 1937இல் பெனி குட்மன் குழுவோடு நடந்த போட்டியில் அவர்கள் ஜெயித்ததை ஜாஸ் ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

அந்தத் தளத்தில் ஆடி வளர்ந்தவர்தான் ஃபிராங்கி மானிங். 1914இல் பிறந்தவர். ஜோடியைத் தூக்கிப் போட்டு ஆடும் ஏரியல் வகையை 1935 வாக்கில் லிண்டி ஹாப்புக்குக் கொண்டுவந்தவர். ஸ்விங் மவுசு குறைந்ததும் தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஏறத்தாழ முப்பது வருஷம் அங்கேதான். 1980களில் ஆர்வமுள்ள இளைஞர்கள் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டபோது, எழுபது வயதைத் தாண்டியவர் மறுபடி தளத்தில் இறங்கினார். 1989இல், அமெரிக்க மேடை நாடகங்களுக்குத் தரும் டோனி விருதுகளில் நடன அமைப்புக்கான விருதில் அவருக்கும் பங்கு கிடைத்தது. 2009இல் இறக்கும்போது 95 வயது நிறைய ஒரு மாதம் பாக்கி. அதுவரை ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தார். அவருடைய பிறந்த நாளான மே 26ஐத்தான் உலகமெங்கும் லிண்டி ஹாப் நாளாகக் கொண்டாடுகிறார்கள். முப்பது வருஷ இடைவெளி அவருக்குத் தடையாக இல்லை. நம்முடைய ஏழெட்டு வருஷமும் அப்படித்தான்.

திரும்ப வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, அடவுகளிலிருந்து தொடங்குவது. பழைய வீடியோவைப் போட்டு, அன்றைக்குத் தெரிந்த திருப்பங்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பார்கள். கால் போகும், ஆட்டம் வராது. காரணம், உடலில் துடிப்பு இன்னும் வரவில்லை. இங்கே துடிப்பு என்பது முழங்கால் தளர்ந்து, தாளத்தின் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு லேசாகக் கீழே இறங்குவது. மேலே எம்புவது அல்ல. எம்பினால் அடுத்த அடிக்குத் தாமதமாகத்தான் தரைக்கு வந்து சேர்வீர்கள். அந்தத் தாமதம்தான் "தாளம் பிடிபடவில்லையே" என்ற தவிப்பாகத் தெரியும். கும்மியில் குனிந்து கைதட்டும்போது முழங்கால் தானாக மடிகிறதே, அந்த மடிப்புதான் இங்கேயும் வேண்டும். கும்மி ஆடிப் பழகியவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது காது. ஸ்விங் என்ற பெயரே அந்தத் தாளத்தின் ஊசலிலிருந்து வந்தது. ஓர் அடியை மூன்றாகப் பிரித்து "தகிட, தகிட" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு நடுவில் இருக்கும் "கி"யை வாய்க்குள்ளேயே விழுங்கிவிட்டு, "தா..ட, தா..ட" என்று முதலாவதை நீட்டியும் அடுத்ததைக் குறுக்கியும் சொல்லுங்கள். ஸ்விங் அதுதான். திஸ்ர நடை காதில் ஊறிய நமக்கு இது அந்நியமே இல்லை. ஒரு விஷயம்: பாட்டின் வேகம் கூடக்கூட அந்த நீட்டலும் குறுக்கலும் சமமாகிக்கொண்டே போகும். அதனால் மெதுவான பாட்டில்தான் காது பழகும். நிமிடத்துக்கு 120 முதல் 135 அடி இருக்கும் பாட்டுகளில் தொடங்குங்கள். கவுண்ட் பேசி குழுவின் மிதவேகப் பதிவுகள் இதற்கு ஏற்றவை. 180 அடி ஓடும் பாட்டு மிகவும் பிடித்துப்போனால், யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்குங்கள், 135க்கு இறங்கிவிடும்.

கைதட்டும் இடத்திலும் ஒரு மாற்றம் உண்டு. பஜனையில் நாம் முதல் அடியில் தட்டிப் பழகியவர்கள். ஸ்விங்கை நாலு நாலு அடியாக எண்ணினால், தட்டு இரண்டிலும் நாலிலும் விழும். டிரம்மர் காலால் மிதிக்கும் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டுகள் "சிக்" என்று மூடுவது அங்கேதான். ஒன்றில் தொடையைத் தட்டி, இரண்டில் கையைத் தட்டி, மூன்றில் தொடை, நாலில் கை என்று ஒரு முழுப் பாட்டுக்குச் செய்யுங்கள். மூன்றாம் பாட்டில் தொடையை விட்டுவிடலாம். கை தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும்.

போனின் சின்ன ஸ்பீக்கரில் இதெல்லாம் கேட்காது. ஒவ்வோர் அடியையும் நடந்து காட்டுவது டபுள் பேஸ் என்கிற ஆளுயர நரம்பு வாத்தியம்; அதன் கனத்த ஒலி போனில் வெளியே வருவதே இல்லை. எவர்சில்வர் டம்ளருக்குள் போனைப் போட்டால் சத்தம் கூடும், பேஸ் கூடாது. சிறிய புளூடூத் ஸ்பீக்கரைக் கூடத்தின் மூலையில், சுவரை ஒட்டித் தரையில் வைத்தால் பேஸ் நன்றாக எழும்பும்.

இனித் தரை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முழங்கால் போவது இங்கேதான். சவாயில் இருந்தது மரத்தளம். மரம் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், கொஞ்சம் வழுக்கும். நமக்கோ, கிரானைட் வெட்டி எடுக்கும் மாவட்டம் என்பதால் பல வீட்டில் பாலிஷ் போட்ட கல் தரை, இல்லாவிட்டால் டைல்ஸ். ரப்பர் அடியுள்ள ஷூவோடு காய்ந்த கிரானைட்டில் நின்று திரும்பினால் பாதம் தரையைக் கவ்விக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும். அந்த முறுக்கு முழுவதும் முழங்காலின் உள்பக்கத்துக்குப் போகும். சரி என்று வெறும் சாக்ஸோடு ஆடினால், பின்னங்கால் வைத்த நொடியில் வழுக்கி விடும். வெறுங்கால் முதல் இரண்டு பாட்டுக்குச் சரி. வியர்த்ததும் ஒட்டும், விரல் அடியில் கொப்புளம் வரும். மொட்டை மாடியின் தட்டோடு இன்னும் சொரசொரப்பு. அங்கே நேராக நடக்கும் அடவுகள் மட்டும் போதும், சுழற்சி வேண்டாம்.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. அடி தட்டையாக இருக்கும் பழைய கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடியைச் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோய், மெல்லிய தோலைப் பஞ்சுபோன்ற பக்கம் வெளியே இருக்கும்படி முன்பாதிக்கு மட்டும் ஒட்டித் தரச் சொல்லுங்கள். குதிகால் ரப்பராகவே இருக்கட்டும், அதுதான் பிரேக். முன்பாதி திரும்பும், பின்பாதி நிறுத்தும். இந்த ஷூவை வாசலுக்குப் போட்டுப் போகாதீர்கள். மண்ணும் ஈரமும் பட்டால் தோல் இறுகி வழவழப்பாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் கம்பி பிரஷால் லேசாகத் தேய்த்தால் மறுபடி பஞ்சு எழும். எந்த ஷூவாக இருந்தாலும், திரும்பும்போது குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் திரும்புவது நல்லது. கல் தரை அமுங்கிக் கொடுக்காது என்பதால் முதல் மாதம் ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கெண்டைக்காலும் குதிகால் நரம்பும்தான் முதலில் வலி சொல்லும். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கிப் பதினைந்து முறை ஏற்றி இறக்கினால் இரண்டும் பலப்படும்.

டைல்ஸ் தரையில் ஒரு வசதி இருக்கிறது. இரண்டடிக்கு இரண்டடி சதுரம் என்றால் அதுவே அளவுகோல். ஒரு சதுரத்துக்குள் நின்று ஆறு எண்ணிக்கை அடிப்படை அடவைப் போடுங்கள். லீட் செய்பவருக்கு, அதாவது ஜோடியில் வழிநடத்துபவருக்கு, ஒன்றில் இடது கால் பின்னே, இரண்டில் வலது கால் நின்ற இடத்திலேயே. இது ராக் ஸ்டெப். பிறகு இடது-வலது-இடது என்று ஒரு டிரிபிள், வலது-இடது-வலது என்று இன்னொன்று. ஃபாலோ செய்பவருக்கு, அதாவது அவரைப் பின்பற்றி ஆடுபவருக்கு, எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல, வலது காலில் தொடங்கும். வாயால் சொல்வதானால்: "ஒண்ணு, ரெண்டு, மூணு-ட-நாலு, அஞ்சு-ட-ஆறு." அந்த "ட" நாம் மேலே பார்த்த குறுகிய "ட"வேதான். மூன்று காலையும் ஒரே நீளத்தில் வைத்தால் பட்டாள நடை ஆகிவிடும். "தா..ட தா" என்று நீளம், குறில், நீளமாக வர வேண்டும். டிரிபிளின் நடுக்கால் தரையைத் தொட்டதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு லேசாக இருந்தால் சரி.

டிரிபிள் முழுவதும் சதுரத்தின் பாதிக்குள் முடிய வேண்டும். கால் கோடு தாண்டினால் அடி பெரிது, அடி பெரிதானால் அடுத்த எண்ணுக்கு நேரம் போதாது. ராக் ஸ்டெப்பில் பின்னே வைக்கும் கால் முன்பாதம் மட்டும் ஊன்றினால் போதும், குதிகால் தரை தொடவே வேண்டாம். பின்பக்கம் சாய்ந்து கனத்தை முழுக்கப் பின்காலில் போடுவதுதான் எல்லோரும் செய்வது. அப்படிச் சாய்ந்தால் ஜோடியின் தோள்தான் உங்களைத் தாங்கும், பத்து நிமிடத்தில் அவருக்குத் தோள் வலிக்கும். மூச்சு வாங்குகிறதா? டிரிபிளை விட்டுவிட்டு, மூன்றில் ஒரு கால், ஐந்தில் ஒரு கால் என்று வையுங்கள். எண்ணிக்கை அதே ஆறுதான்.

பாட்டு எட்டு எட்டு அடியாக நகரும்; இந்த ஆறு எண்ணிக்கை எல்லா இடத்திலும் அதோடு பொருந்தாது. அது தவறில்லை, ஆனால் தெரியாதவர்களுக்குக் குழப்பும். நாலு அடி சேர்ந்தது ஒரு பார். பன்னிரண்டு பார் ப்ளூஸ் அமைப்பில் உள்ள பாட்டில் ஒரு சுற்று 48 அடி. ஆறு எண்ணிக்கை அடவு அதில் சரியாக எட்டு முறை வரும். நீங்களும் பாட்டும் ஒரே இடத்தில் சுற்றை முடிப்பீர்கள். அந்த இடத்தில் வரும் நிறைவுக்காகவே முதல் வாரம் ப்ளூஸ் பாட்டாகப் பார்த்து எடுங்கள். 32 பார் பாட்டில் ஒரு சுற்று 128 அடி. இருபத்தொரு அடவு போட்டபின் இரண்டு அடி மிஞ்சும். அங்கே ஒரு ராக் ஸ்டெப்பைக் கூடுதலாகப் போட்டு சமாளித்துக்கொள்ளலாம்.

ஜோடி விஷயத்தில் நம் ஊரில் தயக்கம் இருக்கும். இருக்கட்டும். லீட் ஆண்தான், ஃபாலோ பெண்தான் என்று இந்த ஆட்டத்தில் விதி இல்லை. அக்காவும் தங்கையும் ஆடலாம், அண்ணியும் நாத்தனாரும் ஆடலாம், அப்பாவும் பத்து வயது மகளும் ஆடலாம். அடுத்த பாட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஆடியவருக்குத்தான் கையின் மொழி முழுதாகப் புரியும்.

அந்தக் கையை ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்போம். லீட்டின் விரல்கள் கொக்கி மாதிரி லேசாக மடிந்திருக்கும், ஃபாலோவின் விரல்கள் அதன் மேல் தொங்கும். கட்டை விரல் எதையும் அழுத்தாது. கட்டை விரல் அழுத்தினால் திரும்பும்போது மணிக்கட்டு பிசகும். கிணற்றுக் கயிறு நினைவிருக்கும். கயிறு தொய்ந்திருந்தால் எவ்வளவு இழுத்தாலும் குடம் அசையாது, வெடுக்கென்று இழுத்தால் தண்ணீர் தளும்பிப் போகும். முதலில் கயிறு விறைக்க வேண்டும், பிறகு குடம் தானாக எழும். இரண்டு கைக்கும் நடுவே அந்த விறைப்பு ராக் ஸ்டெப்பில்தான் உண்டாகிறது. லீட் கையால் இழுக்க வேண்டாம். உடம்பு பின்னே போனால் கை தானே செய்தி சொல்லும். கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்துவிடுங்கள், உடைந்தால் இரண்டு பேர் கையும் கிழியும். புடவையில் ஆடினால் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் இருக்கும்படி ஏற்றிக் கட்டுங்கள். சுடிதார் இன்னும் சௌகரியம்.

இரண்டு மூன்று வாரத்தில் கை பழகிவிட்டால் ஸ்விங் அவுட்டுக்குப் போகலாம். லிண்டி ஹாப்பின் உயிரே இதுதான். எட்டு எண்ணிக்கை: ஒன்று இரண்டில் லீட் ராக் ஸ்டெப், அதே நேரம் ஃபாலோ அவரை நோக்கி நடந்து வருவார். மூன்று-ட-நாலில் லீட் பக்கவாட்டில் சுற்றி வந்து, வலது கையை ஃபாலோவின் தோள்பட்டை எலும்புக்குக் கீழே வைப்பார். நாலு முடியும்போது இருவரும் நெருங்கி, பாதிச் சுற்று சுற்றியிருப்பார்கள். ஐந்து ஆறில் சுற்று தொடர, ஃபாலோ வெளியே நடந்து போவார். ஏழு-ட-எட்டில் இருவரும் விலகி, கை மறுபடி விறைப்பாகி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பார்கள். இது கெட்டுப்போகிற இடம் ஐந்து. ஃபாலோவைக் கையால் தள்ளி அனுப்பும் ஆசை எல்லா லீட்டுக்கும் வரும். தள்ளினால் அவர் தடுமாறுவார். நாலு வரை நீங்கள் நன்றாகச் சுற்றியிருந்தால் அந்தச் சுழற்சியே அவரைக் கொண்டுபோகும். உங்கள் நெஞ்சு அவர் போகும் திசைக்குத் திறந்தால் போதும். ஃபாலோ பக்கத்துத் தவறு, ஏழிலேயே திரும்பி வரத் தொடங்குவது. எட்டு வரை வெளியிலேயே இருங்கள். விறைப்பு வந்தபின் ஒன்றில் புறப்பட்டால் அந்த நடையே தனி சுகம். அந்தச் சுகத்துக்காகத்தான் ஆட்கள் ஒரே அடவை ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்ப ஆடுகிறார்கள்.

ஜோடி கிடைக்காத நாளுக்கு, தனியாகவே ஆடக்கூடிய சார்ல்ஸ்டன் அடவு. இடது கால் முன்னே வைத்து, வலது காலை முன்னே உதைத்து, வலது காலைப் பின்னே வைத்து, இடது காலைப் பின்னே தொட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடி, மொத்தம் எட்டு. நடக்கும்போது கை எப்படி எதிர்க்காலோடு வீசுமோ அப்படியே வீசட்டும். யோசிக்கத் தொடங்கினால் வலது காலோடு வலது கை போய்விடும். அப்படிப் போனால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு கூடத்தை நாலு முறை சும்மா நடந்துவிட்டு மறுபடி சேர்ந்துகொள்ளுங்கள்.

ஆடாத நேரத்திலும் இது வளரும். சாதாரண நடையின் வேகம் நிமிடத்துக்கு 110, 120 அடியை ஒட்டித்தான் இருக்கும். கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் காலை நடை போகிறவர்கள், ஒரு காதில் மட்டும் பாட்டைப் போட்டு, முழங்காலைச் சற்றே தளர்த்தி நடந்தால் துடிப்புப் பயிற்சி அதிலேயே முடிந்துவிடும். தர்மபுரிக்குப் பஸ்ஸில் போகும் ஒரு மணி நேரத்தில் பதினெட்டு இருபது பாட்டு கேட்கலாம். ஒரே குழுவின் பாட்டாகக் கேளுங்கள், அப்போதுதான் அவர்கள் எங்கே மூச்சு விடுகிறார்கள் என்பது பிடிபடும். கோடையில் மொட்டை மாடிக்குக் காலை ஆறு மணிதான் சரி. சாயங்காலம் போனால் இருட்டிய பிறகும் வெகுநேரம் தளத்தில் சூடு நிற்கும். களி சாப்பிட்டால் ஒன்றரை மணி நேரமாவது விட்டு ஆடுங்கள், அது வயிற்றில் கனமாக நிற்கும் உணவு. ஆடுவதற்கு முன்னால் ராகிக் கூழே நல்லது. ஆடி முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர். மாம்பழக் காலமாக இருந்தால் ஒரு செந்தூராவை ஆடப் போகும் முன்பே பானைத் தண்ணீரில் போட்டு வைத்துவிடுங்கள், வேர்வை ஆறும்போது பழமும் குளிர்ந்திருக்கும்.

வீட்டில் ஆட முடியாத பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்கு நாற்காலியை ஸ்பீக்கருக்கு எதிர் மூலையில் போடுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார வைத்தால் சத்தம் அதிகமென்று எழுந்து போய்விடுவார்கள். "அம்மா, ரெண்டிலயும் நாலிலயும் தட்டுங்க" என்று சொல்லி, தொடை, கை, தொடை, கை என்று ஒரு முறை காட்டினால் போதும். ஆடுகிறவர்கள் நடுவில் தாளத்தை விட்டுவிட்டால் அந்தக் கையைப் பார்த்துத்தான் திரும்பச் சேர வேண்டியிருக்கும். அதனால் அவர்கள் முகம் தெரிகிற பக்கமாக நின்று தொடங்குங்கள்.